ஜூஸர் வாங்காம மிக்ஸியிலயே காய்கறி ஜூஸ், ஒரு சொட்டு தண்ணி ஊத்தாம

வீட்டுலயே காய்கறி ஜூஸ் போடப்போறேன்னு யார்கிட்ட சொன்னாலும் முதல்ல வர்ற பதில் "நல்ல ஜூஸரா பார்த்து வாங்கிடு"ங்கறதுதான். வாங்கலாம்தான், ஆனா அது மேடையில பாதிய அடைச்சுக்கும், கழுவறதுக்கு ஏழெட்டு பார்ட்ஸ் இருக்கும், கொஞ்ச நாள்ல திரும்ப அட்டைப்பெட்டிக்குள்ள போய் பரண்ல ஏறிக்கும், நிறைய வீட்டுல நடக்கறதுதான இது. அதனால கையில இருக்கற சாதா மிக்ஸி, பெரிய ஜார் ஒண்ணு, ஒரு வடிகட்டி, மெல்லிசான பருத்தித் துணி, இத வெச்சே எவ்வளவு தூரம் போக முடியும்னு பார்த்துடலாம்னு இறங்கினேன். கூடவே எனக்கு நானே போட்டுக்கிட்ட ஒரே கண்டிஷன், தண்ணி ஊத்தக்கூடாது.

ஏன்னா மிக்ஸி ஜூஸ்னாலே எல்லாரும் பண்றது காய வெட்டிப்போட்டு ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி அடிக்கறது. ஊத்தின தண்ணியில ருசி சப்புன்னு ஆயிடும், சப்புன்னு இருக்கேன்னு சர்க்கரை போடுவோம் இல்ல தேன் ஊத்துவோம், இப்ப இனிப்பு தூக்கலா இருக்கேன்னு ஒரு சிட்டிகை உப்பு, கடைசில குடிக்கறது காய் வாசனை அடிக்கற சர்பத். ஆரோக்கியம்னு ஆரம்பிச்ச வேலை அந்த ஒரு டம்ளர் தண்ணியிலயே கெட்டுப்போகுது. கெட்டியா வந்துட்டா சர்க்கரைக்கு வேலையே இல்ல, கேரட்டுலயும் பீட்ரூட்லயும் இருக்கற இனிப்பே தாராளம்.

சரி, தண்ணி வேண்டாம்னா பிளேடு எப்படி சுத்தும்? காய்லயே இருக்கற தண்ணியிலதான். வெள்ளரிக்காய்ல கிட்டத்தட்ட 95 சதவீதம் தண்ணி, தக்காளியில 94, பசலைக்கீரையில 91, கேரட்டுல 88, பீட்ரூட்லயும் அதே அளவுக்கு. கேரட்ட கையில எடுத்து உடைச்சா டக்குனு உடையுது, சொட்டு ஈரம் தெரியல, அதுக்குள்ள 88 சதவீதம் தண்ணின்னா நம்பவே முடியாது, ஆனா அவ்வளவும் செல்லுக்குள்ள பூட்டிக்கிடக்குது. செல் சுவர் உடையற அளவுக்குத்தான் ஜூஸ். பல்லாயிரம் ரூபா மெஷினும் சாதா மிக்ஸியும் செய்யற வேலை ஒண்ணுதான், சுவர உடைக்கறது, அப்புறம் பிழியறது.

முதல் கலவை கேரட்டும் வெள்ளரியும். ரெண்டுலயும் கால் கால் கிலோ, நகம் சைஸ்ல இஞ்சி, பாதி எலுமிச்சம்பழம். கழுவறதுக்கு ஓடற தண்ணியும் ஒரு சின்ன பிரஷும் போதும், சோப்பு கிட்டவே கொண்டு போகாதீங்க, காய்த் தோல்ல இருக்கற நுண்துளை வழியா அது உள்ள இறங்கும். பூச்சிமருந்து கவலை இருந்தா சமையல் சோடா கரைச்ச தண்ணியில 12லிருந்து 15 நிமிஷம் ஊறப்போடலாம், 2017ல ஆப்பிள வெச்சு பண்ணின ஒரு ஆய்வுல தோல் மேல இருந்த மருந்து சாதா தண்ணிய விட இதுல நல்லா போச்சு, ஆனா தோலுக்குள்ள ஊடுருவினது அப்படியேதான் இருந்துச்சு. அதனால சந்தேகம்னா தோல சீவிடறதே நல்லது. கேரட்ட நான் எப்பவுமே சீவிடுவேன், அதோட கசப்பு தோல் பக்கமும் தலைப் பக்கமும்தான் ஜாஸ்தி, பச்சை ஏறின தலைய ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எறிஞ்சுடணும். இன்னொண்ணு, கேரட்டையும் ஆப்பிளையும் ஒரே டப்பாவுல போட்டு வைக்காதீங்க, ஆப்பிள் பழுக்கறப்ப விடற எத்திலீன் வாயு பட்டா கேரட் உள்ளுக்குள்ள கசப்புப் பொருள் ஒண்ண உண்டாக்கிக்கும். வெளிய பார்த்தா கேரட் நல்லாதான் இருக்கும், ஜூஸ் மட்டும் கசக்கும்.

வெட்டற விஷயத்துல சோம்பேறித்தனம் பண்ணா மிக்ஸி பழிவாங்கும். கேரட்ட குச்சி குச்சியா நீளமா போட்டா அதுங்க பிளேடுக்கு மேல குறுக்கா உட்கார்ந்துக்கிட்டு, கீழ பிளேடு காத்துல சுத்தும், சத்தம் மட்டும் கீச்சுன்னு மாறும். அந்த சத்தம் வந்தாலே நிறுத்திடணும், அதுக்கு மேல எவ்வளவு நேரம் ஓட்டினாலும் பிரயோஜனம் இல்ல. அரை சென்டிமீட்டர் கனத்துல வட்ட வட்டமா, குறுக்கால வெட்டிக்கிட்டா நல்லது, நார் நீளவாக்குல ஓடறதால குறுக்க வெட்டறப்பவே அது துண்டாயிடும். பெரிய கண்ணு துருவியில துருவிப் போட்டா இன்னும் சுலபம், கை வலிக்கு நான் பொறுப்பில்ல.

ஜார்ல போடற வரிசைதான் மொத்த சூட்சுமமே. அடியில வெள்ளரி மட்டும், எலுமிச்சை சாறு பிழிஞ்சு, மூடி போட்டு பல்ஸ்ல நாலஞ்சு தட்டு. மூடிய திறந்து பார்த்தா அடியில வெளிர் பச்சையா ஒரு குளம் நிக்கும், மேல நுரை. அதுதான் நம்ம தண்ணி. இப்ப கேரட் வட்டத்துல பாதி, இஞ்சி, திரும்ப பல்ஸ். ஜார் நடுவுல ஒரு சுழி விழுந்து மேல இருக்கற துண்டெல்லாம் அதுக்குள்ள இழுத்துக்கிட்டு போறது தெரிஞ்சா சரியா ஓடுதுன்னு அர்த்தம். சுழி விழலன்னா தண்ணி ஊத்தணும்னு கை தானா குழாய் பக்கம் போகும், போகக்கூடாது, இன்னொரு நாலு துண்டு வெள்ளரி போடுங்க. சுழி விழுந்ததுக்கு அப்புறம் மிச்ச கேரட். ஒரேயடியா ஓட்டாம அரை நிமிஷம் ஓட்டி, கொஞ்சம் நிறுத்தி, கரண்டியால ஓரத்த வழிச்சு விட்டு திரும்ப ஓட்டினா மோட்டாரும் பொழைக்கும், ஜூஸும் சூடாகாது. ஜார ரொம்ப ரொப்பி ஓட்டினா மிக்ஸி திடீர்னு நின்னு போகும், ரிப்பேர்னு பயப்பட வேண்டாம், நிறைய மாடல்ல அடியில சிவப்பா ஒரு பட்டன் வெளிய வந்திருக்கும், பிளக்க புடுங்கிட்டு பத்து நிமிஷம் ஆறவிட்டு, ஜார்ல கொஞ்சம் குறைச்சு, அந்த பட்டன உள்ள அமுக்கினா திரும்ப ஓடும்.

அடுத்தது பிழியறது. நேரா வடிகட்டியில ஊத்தினா கூழ் வந்து கண்ண அடைச்சுக்கிட்டு மேலயே நிக்கும், கரண்டியால அமுக்க அமுக்க சக்கையும் சேர்ந்து இறங்கும். துணிதான் சரி. துணிய முதல்ல நனைச்சு நல்லா பிழிஞ்சுடணும், காஞ்ச துணின்னா முதல்ல வர்ற ஜூஸ அதுவே குடிச்சுடும். வடிகட்டி மேல துணிய விரிச்சு கூழ ஊத்தி சும்மா விட்டீங்கன்னா பாதிக்கு மேல தானா இறங்கிடும், மிச்சத்துக்கு நாலு மூலையையும் சேர்த்து முறுக்கி மேலேருந்து கீழ முறுக்கிக்கிட்டே வரணும். எடுத்த எடுப்புல பலமா முறுக்கினா துணி ஓட்டை வழியா கூழ் பீய்ச்சி சட்டையில அடிக்கும், முதல்ல மெதுவா, அப்புறம்தான் பலம். கடைசில உள்ள இருக்கற சக்கை கைல புடிச்சா உதிரியா விழணும், உருண்டையா நின்னா இன்னும் ஜூஸ் இருக்கு. இந்த அரைக் கிலோவுக்கு எனக்கு 300 மில்லி பக்கம் வருது, தண்ணி ஊத்தாத 300 மில்லி.

இன்னும் கொஞ்சம் தேத்த ஒரு வழி இருக்கு, ஃப்ரீசர். கேரட்ட வெட்டி ராத்திரி ஃப்ரீசர்ல போட்டுட்டு காலைல வெளிய எடுத்து கரையவிட்டு அரைச்சா, சுவர உடைக்கற வேலைய ஐஸே பாதி முடிச்சு வெச்சிருக்கும், தண்ணி உறையறப்ப விரிஞ்சு செல்ல கிழிச்சுடுதே. கரைஞ்ச கேரட் துண்ட அமுக்கினா ஸ்பாஞ்சு மாதிரி தண்ணி வடியும், மிக்ஸியில அரைக்கற நேரமும் குறையும், ஜூஸும் கூட வரும். வாசனைதான் கொஞ்சம் அடிபடும், அந்த பச்சைக் கேரட்டோட கூர்மை போய் லேசா வேகவெச்ச வாசம் வரும். எனக்கு இது இஞ்சி தூக்கலா போடற அன்னைக்கு ஓகே, சாதாரணமா வேண்டாம்.

இப்ப சக்கை கதைக்கு வருவோம், ஏன்னா ஆரோக்கியம்ங்கற வார்த்தை நிக்கறதும் விழறதும் இங்கதான். 100 கிராம் பச்சைக் கேரட்டுல சுமார் 2.8 கிராம் நார் இருக்கு, வடிகட்டின கேரட் ஜூஸ்ல அதே 100 கிராமுக்கு 0.8தான் மிஞ்சுது. சர்க்கரை மட்டும் அப்படியே இறங்கிடும், 250 மில்லி கேரட் ஜூஸ்ல 10 கிராம் பக்கம் வரும். கேரட்டா கடிச்சு தின்னா கால் கிலோ தின்னறதுக்குள்ள தாடை வலிச்சு வயிறும் நிறைஞ்சுடும், ஜூஸா ரெண்டு நிமிஷம். பிரிட்டன் அரசாங்க சுகாதார ஆலோசனையில ஜூஸ எவ்வளவு குடிச்சாலும் 150 மில்லிய ஒரே ஒரு பங்கு காய்கறி-பழமாத்தான் கணக்குல எடுத்துக்கறாங்க, அதுக்கு மேல குடிச்சா கணக்குல சேராது, காரணம் இதேதான். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 400 கிராம் காய் பழம் சாப்பிடச் சொல்லுது, அத டம்ளர்லயே முடிச்சுடலாம்னு நினைக்கக்கூடாது.

அதனால நான் இப்ப ரெண்டு விதமா வடிக்கறேன். முழுசா துணியில வடிச்சா கண்ணாடி மாதிரி இறங்கும், குடிக்க சுகம், நார் கம்மி. துணிய விட்டுட்டு பெரிய கண்ணு வடிகட்டியில மட்டும் ஊத்தி கரண்டியால தேய்ச்சா மெல்லிசு சக்கை பாதி கூடவே வந்துடும், கொஞ்சம் திப்பி திப்பியா இருக்கும், ரெண்டு மடக்கு குடிச்சா பழகிடும். வீட்டுல எனக்கு ரெண்டாவது, திப்பிய பார்த்தாலே மூஞ்சிய சுளிக்கறவங்களுக்கு முதலாவது வடிச்சு அதுல ரெண்டு ஸ்பூன் சக்கைய திருப்பி கலந்து விடறது, கேட்டா சொல்றதில்ல. மிச்ச சக்கை மாவுல பிசைய, சூப்புல போட, பொரியலுக்கு, எங்க வேணா போகும், அன்னைக்கே காலி பண்ணிடணும்.

கோல்ட் பிரஸ் மெஷின், அதாவது காய மெதுவா நசுக்கிப் பிழியற ஸ்லோ ஜூஸர், விக்கறவங்க சொல்ற ஒண்ண பத்தியும் சொல்லிடறேன், மிக்ஸி வேகமா சுத்தறதால என்சைம் செத்துடுது, ஸ்லோ ஜூஸர்ல உயிரோட இருக்குதுன்னு. ஸ்லோ ஜூஸர் நிமிஷத்துக்கு 40லிருந்து 100 சுத்து, மிக்ஸி பல்லாயிரம், வித்தியாசம் இருக்குதான், நுரை கம்மியா வரும், காத்து கம்மியா கலக்கும், சக்கை நல்லா காஞ்சு வரும். ஆனா அரை நிமிஷ ஓட்டத்துல ஜூஸ் ஒண்ணும் வெந்துடறதில்ல, காயோட என்சைம் எல்லாம் புரதம்தான், வயித்துக்குள்ள போனா மத்த புரதம் மாதிரி அதுவும் செரிமானம் ஆகிடும். காத்து கலக்கறது மட்டும் நிஜமான பிரச்சனை, வைட்டமின் சி ஆக்சிஜன் பட்டா குறைஞ்சுக்கிட்டே வரும், அதுலயும் வெள்ளரியிலயும் கேரட்டுலயும் அத சிதைக்கற என்சைமே உள்ள இருக்கு. எலுமிச்சை சாற கடைசில ஊத்தாம முதல்லயே வெள்ளரியோட ஊத்தச் சொன்னது அதுக்குத்தான், புளிப்பு ஏறினா அந்த என்சைம் வேலை மந்தமாகும். மத்தபடி அடிச்ச கையோட குடிச்சுட்டா மெஷின் சண்டையே தேவையில்ல.

பீட்ரூட்

பீட்ரூட் ஜூஸ்ல எல்லாருக்கும் புடிக்காதது அந்த மண் வாசனை. அது கழுவாததால வர்றது இல்ல, ஜியோஸ்மின்னு ஒரு பொருள், மழை பெய்ஞ்சதும் மண்ணுல வர்ற வாசனையும் இதேதான். தோல்ல ரொம்ப ஜாஸ்தி, அதனால கனமா சீவணும், புளிப்புல அது உடைஞ்சு போகும், அதனால எலுமிச்சை சேர்த்து பத்து நிமிஷம் வெச்சுட்டு குடிச்சா நல்லாவே குறைஞ்சிருக்கும். தனியா பீட்ரூட் மட்டும் அரைச்சா கெட்டியா நாக்குல ஒட்டும், தொண்டையிலயும் லேசா கரகரன்னு இருக்கும், எனக்கு சரிப்பட்டது ஒரு பங்கு பீட்ரூட்டுக்கு ரெண்டு பங்கு வெள்ளரி, ஒரு பங்கு கேரட்.

இதுல நைட்ரேட் நிறைய. நாக்கு மேல இருக்கற பாக்டீரியா அத நைட்ரைட்டா மாத்தும், அது உடம்புக்குள்ள போய் நைட்ரிக் ஆக்சைடு ஆகி ரத்தக்குழாய விரிச்சு பிபிய கொஞ்சம் இறக்கும். வேடிக்கை என்னன்னா கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டு வாய கொப்பளிச்சா அந்த நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போயிடும், பீட்ரூட் ஜூஸோட இந்த வேலை நடக்காது. பிபி மாத்திரை சாப்பிடறவங்க தினமும் ஒரு டம்ளர்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும். அடுத்த நாள் பாத்ரூம்ல செவப்பா பார்த்து பயப்படறவங்களும் உண்டு, சுமார் 10லிருந்து 14 சதவீதம் பேருக்கு சிறுநீர் செவப்பா போகும், பீட்ரூட்டோட நிறம்தான், இரும்புச்சத்து கம்மியா இருக்கறவங்களுக்கு இது ஜாஸ்தி. பீட்ரூட்டே தொடாம செவப்பா போனா அது வேற விஷயம், டாக்டர்கிட்ட போகணும்.

நுரையும் இதுலதான் ஜாஸ்தி. துணியில வடிச்சதுமே பாதி அடங்கிடும், மிச்சத்த கரண்டியால வழிச்சுடலாம், இல்ல அஞ்சு நிமிஷம் அசைக்காம வெச்சா தானா உடைஞ்சு போகும்.

பச்சை ஜூஸ்

படத்துல வர்ற மாதிரி பளபளன்னு பச்சை ஜூஸ் வேணும்னு பசலைக்கீரை, வெள்ளரி, எலுமிச்சை போட்டு அடிச்சா, அடிச்ச நிமிஷம் அருமையா இருக்கும், கொஞ்ச நேரத்துல பாசி புடிச்ச குளத்து நிறம். கீரை கெட்டுப்போனதால இல்ல, இலைக்கு பச்சை நிறம் குடுக்கற குளோரோஃபில் நடுவுல ஒரு மெக்னீசியம் இருக்கு, புளிப்பு பட்டா அது கழண்டு போய் அந்த இடத்துல ஹைட்ரஜன் உட்கார்ந்துக்கும், பச்சை ஆலிவ் நிறமா மங்கிடும். கேரட்டுக்கு எலுமிச்சை முதல்ல, கீரைக்கு கடைசில, டம்ளர்ல ஊத்தினதுக்கு அப்புறம். நிறத்த பத்தி கவலை இல்லன்னா இதுக்கும் முதல்லயே ஊத்திடலாம். இதுக்கு நேர் எதிர் செவப்பு முட்டைக்கோஸ், அதோட ஊதா ஜூஸ்ல எலுமிச்சை விட்டதும் கண்ணு முன்னாடியே ரோஸ் ஆகும், குழந்தைங்களுக்கு காட்டலாம், குடிக்கத்தான் அவ்வளவா நல்லா இல்ல.

நிறத்த விட முக்கியமான விஷயம் ஆக்சலேட். பசலைக்கீரையில 100 கிராமுக்கு பல நூறு மில்லிகிராம் இருக்கு, பீட்ரூட்லயும் இருக்கு. சிறுநீரகக் கல்லுல ரொம்ப சகஜமானது கால்சியம் ஆக்சலேட் கல்லுதான். கூட்டா வெச்சு சாப்பிட்டா ஒருத்தர் எவ்வளவு கீரை சாப்பிட்டுடுவாங்க, ஜூஸா போட்டா ஒரு கட்டு கீரை பச்சையா ஒரே டம்ளர்ல இறங்கிடும், அதையே தினமும் ரெண்டு வேளைன்னு குடிச்சு சிறுநீரகம் கெட்டுப்போனவங்கள பத்தி மருத்துவ இதழ்கள்ல பதிவுகள் இருக்கு. நான் பண்றது, கொதிக்கற தண்ணியில கீரைய ஒரு நிமிஷம் முக்கி எடுத்து, அந்த தண்ணிய கொட்டிட்டு, குளிர்ந்த தண்ணியில போட்டு பிழிஞ்சு அப்புறம் அரைக்கறது. ஆக்சலேட்ல கரையற பகுதி ஓரளவு அந்த தண்ணியோட போயிடும், கூடவே நிறமும் இன்னும் பளிச்சுன்னு ஆகும். வைட்டமின் சி கொஞ்சம் போகும், போகட்டும், எலுமிச்சையில திரும்ப வந்துடுது. கல்லு வந்தவங்க இந்த பச்சை ஜூஸ் பக்கமே போகாம இருக்கறதுதான் சரி. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவங்களுக்கும் கீரையில இருக்கற வைட்டமின் கே மருந்தோட மோதும், திடீர்னு கூட்டறதும் குறைக்கறதும் ஆகாது.

கசப்பு விஷயத்துல மட்டும் சமரசமே கிடையாது. வெள்ளரி, சுரைக்காய், சீமைச்சுரை இந்த குடும்பத்துல எத ஜூஸ் போட்டாலும் வெட்டினதும் ஒரு சின்ன துண்ட நாக்குல வெச்சு பாருங்க, கசந்தா துப்பிட்டு மொத்த காயையும் குப்பையில போடுங்க. குக்கர்பிடாசின்னு ஒரு விஷப்பொருள், வேகவெச்சாலும் போகாது, வாந்தி பேதி ரத்தப்போக்கு வரைக்கும் கொண்டு போகும். கசப்பா இருந்தா உடம்புக்கு நல்லதுன்னு மூக்க புடிச்சுக்கிட்டு குடிக்கற பழக்கம் இந்த இடத்துல உயிருக்கே வம்பு. பாகற்காயும் இதே குடும்பம்தான், ஆனா அதோட கசப்பு வேற பொருள்ல வர்றது, அதுக்கு இந்த டெஸ்ட் பொருந்தாது.

தக்காளி

தக்காளிய பச்சையா அரைச்சு வெச்சா கொஞ்ச நேரத்துல மேல மஞ்சத் தண்ணி, கீழ செவப்பு வண்டல்னு பிரிஞ்சு நிக்கும். தக்காளிய வெட்டினதுமே அதுல இருக்கற ஒரு என்சைம், கெட்டித்தன்மை குடுக்கற பெக்டின உடைக்க ஆரம்பிச்சுடும், அதான் காரணம். தொழிற்சாலையில இதுக்கு பண்றத வீட்டுலயும் பண்ணலாம், அடுப்புல பாத்திரத்த முதல்லயே சூடு பண்ணிட்டு தக்காளிய வெட்டி வெட்டி நேரா அதுக்குள்ள போடறது, பலகையில குவிச்சு வைக்காம. முதல் ரெண்டு தக்காளிய கரண்டியால நசுக்கி கொதி வந்ததுக்கு அப்புறம் ஒண்ணொண்ணா போட்டுக்கிட்டே வந்தா வெட்டின உடனே சூடு பட்டு அந்த என்சைம் அடங்கிடும். பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டியில தேய்ச்சு எடுத்தா ஜூஸ் கெட்டியா, மறுநாள் வரைக்கும் பிரியாம நிக்குது. பக்கத்துல பக்கத்துல ரெண்டு டம்ளர்ல வெச்சு பார்த்தேன், வெட்டி வெச்சு அப்புறம் வேகவெச்சதுல ஒரு விரல் உசரத்துக்கு தெளிஞ்ச தண்ணி, நேரா சூட்டுல போட்டதுல கோடு கூட இல்ல. இதுக்கு துணியும் வேண்டாம், தோலும் விதையும் வடிகட்டியிலயே நின்னுடும்.

இதுல இன்னொரு லாபம், லைக்கோபீன், தக்காளிக்கு செவப்பு நிறம் குடுக்கற பொருள். வேகவெச்சா அது உடம்புல சேர்றது கூடும், கொஞ்சம் எண்ணெய் இருந்தா இன்னும் கூடும். கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் குடுக்கற பீட்டா கரோட்டினும் கொழுப்புல கரையறதுதான், அதனால கேரட் ஜூஸ வெறும் வயித்துல தனியா குடிக்கறத விட சாப்பாட்டோட குடிக்கறதுதான் புத்திசாலித்தனம், இல்லன்னா அரைக்கறப்பவே நாலு பாதாம போட்டுடலாம். கேரட் ஜூஸ அளவில்லாம குடிச்சா உள்ளங்கை மஞ்சளாகும், கண்ணு வெள்ளையாவே இருந்தா அது கரோட்டின் வேலை, நிறுத்தினா போயிடும், கண்ணும் மஞ்சளானா அது காமாலை, உடனே டாக்டர்.

எடுத்து வைக்கலாமா

வைக்கலாம், ஆனா ஃப்ரிட்ஜ்ல மட்டும், 4 டிகிரிக்கு கீழ, விளிம்பு வரைக்கும் ரொப்பி மூடின கண்ணாடி பாட்டில்ல, ஒரு நாளைக்கு மேல வேண்டாம். பாட்டில ரொப்பச் சொல்றது மேல காத்து நிக்காம இருக்க. கேரட் ஜூஸ் மறுநாள் கீழ வண்டலா உட்கார்ந்து மேல தெளிஞ்சிருக்கும், அது கெட்டுப்போன அடையாளம் இல்ல, குலுக்கினா சேர்ந்துக்கும். குலுக்கறப்ப கேஸ் விட்டா, மூடி திறக்கறப்ப புஸ்ஸுன்னா, வழுவழுன்னு இழுத்தா கொட்டிடுங்க.

வெளிய வைக்கறது மட்டும் கூடவே கூடாது. கேரட் ஜூஸோட பிஎச் (புளிப்ப சொல்ற அளவு, எண் குறைய குறைய புளிப்பு ஜாஸ்தி) 6 பக்கம், புளிப்பே இல்ல, பிஎச் 4.6க்கு மேல போனா போட்டுலிசம்ங்கற கடுமையான நச்சு நோய உண்டாக்கற கிருமி வளர இடம் இருக்கு. 2006ல அமெரிக்காவுலயும் கனடாவுலயும் பாட்டில் கேரட் ஜூஸ் குடிச்சவங்களுக்கு போட்டுலிசம் வந்து உடம்பு செயலிழந்து போற வரைக்கும் போச்சு, அதுவும் பாஸ்டரைஸ் பண்ணின, அதாவது கிருமி சாக சூடு பண்ணின ஜூஸ், குளிர்ல வைக்காததுதான் வினை. எலுமிச்சை நிறைய பிழிஞ்சா பிஎச் இறங்கும், ஆனா நாக்க வெச்சு அத அளக்க முடியாது, அதனால எலுமிச்சைய நம்பி மேடையில வெச்சுடாதீங்க. நைட்ரேட் ஜாஸ்தி இருக்கற பீட்ரூட், கீரை ஜூஸ் வெளிய இருந்தா பாக்டீரியா அத நைட்ரைட்டா மாத்திடும், பெரியவங்களுக்கே நல்லதில்ல, கைக்குழந்தைங்களுக்கு ரத்தத்துல ஆக்சிஜன் ஏத்தற வேலையவே கெடுத்துடும். கைக்குழந்தைங்களுக்கு எந்த ஜூஸும் வேண்டாம்னு விட்டுடறது நல்லது.

ஐஸ் டிரேயில ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சா கியூப் கியூபா எடுத்து பயன்படுத்தலாம், கரைஞ்சதும் ருசி கொஞ்சம் மந்தமா இருக்கு, சூப்புக்கும் பருப்புக்கும் தாராளமா போடலாம், தனியா குடிக்க எனக்கு புடிக்கல.

கடைசி வேலை கழுவறது. கேரட் ஜூஸ் போட்ட பிளாஸ்டிக் மூடி ஆரஞ்சா நிறம் புடிச்சு எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது, அந்த நிறம் தண்ணியில கரையறதில்ல, எண்ணெய்ல கரையும். ரெண்டு சொட்டு சமையல் எண்ணெய தடவி விரலால தேய்ச்சா எண்ணெய் ஆரஞ்சாகி வரும், அத டிஷ்யூல துடைச்சுட்டு அப்புறம் சோப்பு போட்டா மூடி பழைய நிறத்துக்கு வந்துடும். பீட்ரூட் கறை இதுக்கு நேர் எதிர், தண்ணியிலயே போயிடும், காயவிடாம உடனே அலசணும், அவ்வளவுதான். பிளேடுக்கு அடியில இருக்கற ரப்பர் வாஷர கழட்டி பாருங்க, நார் அங்கதான் சுத்திக்கிட்டு நிக்கும், ரெண்டு நாள் விட்டா நாத்தம் அங்கேருந்துதான் வரும். துணிய பிழிஞ்ச உடனே உள்பக்கத்த வெளிய திருப்பி ஓடற தண்ணியில சக்கைய உதறிட்டு, அஞ்சு நிமிஷம் கொதிக்கற தண்ணியில போட்டு எடுத்து வெயில்ல விரிச்சு போடறேன், ஈரத்தோட சுருட்டி வெச்ச துணியில அடுத்த ஜூஸ வடிக்கவே கூடாது.